தாதியரின் ஐயமும் நோயாளரின் உயிரும்

களனி கங்கையோடு குருகொடை ஓயா கலக்கும் ருவான்வெல்லையைச் சூழ இறப்பர்த் தோட்டங்களும் வயல்களும் பரந்துள்ளன. மழைக்காலத்தில் ஈரநிலத்தில் இறங்கி வேலைசெய்வோரை அங்கு எலிக்காய்ச்சல் பற்றுவதுண்டு. 2008ஆம் ஆண்டில் இலங்கையிலே ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் இந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. நோய் முற்றினால் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். நுரையீரலிற் குருதி கசியும். அத்தகையோரைக் காக்கும் இடமே தீவிர சிகிச்சைப் பிரிவாகும்.

அங்கே தாதியர் மணிக்கு மணி நாடித்துடிப்பையும் மூச்சையும் குருதியழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் குறித்துவருவர். ஐம்பது கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 25 மில்லிலீற்றர் சிறுநீரேனும் பிரிதல் வேண்டும். ஓர் இரவில் அது 32, 28, 26 எனக் குறைந்துவருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லை இன்னும் தாண்டப்படவில்லை. குருதியழுத்தமும் சரியாகவே உள்ளது. ஆயினும் நோயாளர் அமைதியின்றிப் புரள்கிறார். இது காய்ச்சலின் களைப்பா, வரப்போகும் ஆபத்தின் அறிகுறியா? வைத்தியரை எழுப்பலாமா, விடியும்வரை பொறுக்கலாமா? எழுப்பியபின் ஒன்றுமில்லையென்றால் ஏச்சு வருமே என்ற அச்சமும் தாதியின் உள்ளத்தில் எழுகிறது.

ஐயம் இருவகைப்படும். அறியாமையால் வருவது கல்வியால் நீங்கும். நோய் தன்னை முழுதாகக் காட்டாமையால் வருவதோ எத்துணை அனுபவமுடையவரையும் விடாது. இவ்விரண்டாவது ஐயத்தை மற்றொருவரோடு பகிர்வதே அதற்குரிய வழியாகும்.

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள லிவர்பூல் வைத்தியசாலையில் 1990ஆம் ஆண்டு அவசர மருத்துவக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அளவுகள் எல்லை மீறாதபோதும், நோயாளரைப் பற்றிய கவலை ஒன்றே அக்குழுவை அழைக்கப் போதுமான காரணமெனக் கொள்ளப்பட்டது. அமெரிக்கக் கடற்படையிற் பிறந்து வைத்தியசாலைகளுக்கு வந்த வேறொரு முறையும் உண்டு. இப்போதைய நிலை, முன்வரலாறு, தன் கணிப்பு, வேண்டுகோள் என்னும் நான்கையும் தாதி சுருக்கமாகக் கூறுவதே அம்முறை. "காரணம் தெரியவில்லை, ஆனால் நோயாளர் தளர்ந்துவருகிறார்" என்பதும் அங்கே மதிக்கத்தக்க கணிப்பேயாகும்.

தோட்டப்புறங்களில் மொழியும் ஐயத்தைப் பெருக்கும். "மூச்சு வாங்குது" என்று தமிழ்த் தொழிலாளி சொல்வதன் பொருள் சிங்களம் மட்டும் அறிந்த தாதிக்கு எட்டாமற் போகலாம். புரியாத சொல்லைப் புரிந்ததாகப் பாவியாது, மொழி தெரிந்தவரிடம் கேட்டறிதலும் மருத்துவக் கவனிப்பேயாம்.

அமெரிக்க வைத்தியசாலைகளில் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையானோர் இறக்கக்கூடுமென 1999ஆம் ஆண்டின் அறிக்கையொன்று மதிப்பிட்டது. அத்தவறுகளிற் பெரும்பாலானவை தனிமனிதரின் அலட்சியத்தால் அன்றி, ஒழுங்குமுறைகளின் குறைபாட்டால் நேர்பவை என்றும் அது எடுத்துக்காட்டியது. 2019 முதல் செப்டம்பர் 17ஆம் நாள் உலக நோயாளர் பாதுகாப்பு நாளாக அனுட்டிக்கப்படுகிறது.

எழுப்பப்பட்ட வைத்தியர் வந்து பார்க்கிறார், ஆபத்து ஏதுமில்லை. அப்போது அவர் முகஞ்சுளித்தால், அடுத்த முறை அத்தாதி அழைக்கத் தயங்குவார். "அழைத்தது நன்று" என்றால் மீண்டும் அழைப்பார். ஒரு வைத்தியசாலையின் பாதுகாப்புப் பண்பாடு அச்சிறு விடையிலேதான் உருவாகிறது.