நின்ற வண்டி ஏன் அரை மணி கழித்து ஓடுகிறது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் கார் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து, அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. அவர் கண்ணெதிரே நிற்கும்போது அது நல்ல வண்டிதான்.

இந்த நோய்க்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம், சந்தேகப்பட்டதை எல்லாம் மாற்றுவது. முதலில் பிளக், பிறகு பேட்டரி, அப்புறம் பெட்ரோல் பம்ப். மூன்றையும் மாற்றிய பிறகும் அதே பைபாஸில் அதே மாதிரி நிற்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், என்ஜினுக்குள் யார் யாருக்கு என்ன சொல்லி வேலை நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அதற்கு ஒரு டிபன் கடைச் சமையற்கட்டு போதும்.

அந்தக் கடையில் நான்கு அடுப்பு. அவைதான் நான்கு சிலிண்டர். ஆனால் இது கொஞ்சம் விசித்திரமான கடை. ஒரு தோசை வெந்ததும் அடுப்பு அணைந்துவிடும், அடுத்த தோசைக்கு மறுபடி பற்றவைக்க வேண்டும். சிக்னலில் வண்டி சும்மா நிற்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடுப்பையும் சேர்த்து நிமிடத்துக்கு 1,600 முறை பற்றவைத்தாக வேண்டும். அதாவது நொடிக்கு இருபத்தாறு, இருபத்தேழு தடவை. சும்மா நிற்பதற்கே இவ்வளவு வேலை!

முதலில் எண்ணெய். கடையின் பின்கட்டில் டிரம் இருக்கிறது, அதாவது பெட்ரோல் டேங்க். அதற்குள்ளேயே ஒரு ஆள் உட்கார்ந்து பம்ப் அடித்து முன்கட்டுக்கு அனுப்புகிறார். இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கித்தான் இருக்கும். பல கார்களில் அது ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட இது அதிகம். அந்த அழுத்தம் இருந்தால்தான் அடுப்பின் நாசிலில், அதாவது இன்ஜெக்டரில், பெட்ரோல் புகையாய்ச் சிதறும். அழுத்தம் குறைந்தால் சொட்டும். சொட்டுகிற எண்ணெய் சரியாக எரியாது.

பிறகு காற்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அதை உள்ளே விடும் ஜன்னல்தான் திராட்டில்.

அதன்பின் பொறி. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்தான் அடுப்பு லைட்டர்.

இவ்வளவையும் நடத்துபவர் மாஸ்டர். எந்த அடுப்புக்கு எவ்வளவு எண்ணெய், எப்போது லைட்டர் என்று உத்தரவு போடுகிற அவர்தான் மெக்கானிக்குகள் ஈ.சி.எம். என்று சொல்லும் கம்ப்யூட்டர் பெட்டி. ஆனால் மாஸ்டர் இருப்பது ஜன்னல் இல்லாத ஓர் அறையில். அடுப்பு எரிகிறதா, தோசை வெந்ததா என்று அவருக்கு எதுவும் தெரியாது. வெளியே ஒரு பையன் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் குரலைக் கேட்டுத்தான் அவர் வேலை செய்கிறார். அந்தப் பையன்தான் கிராங்க் சென்சார்.

என்ஜினின் கிராங்க் தண்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல வண்டிகளில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், இரண்டை மட்டும் வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் தாண்டும்போது சென்சார் ஒரு குரல் கொடுக்கிறது. ஒரு பல் என்றால் 6 டிகிரி. இரண்டு பல் இல்லாத இடம் வரும்போது பையன் மூச்சு வாங்குகிறான். அந்த இடைவெளியை வைத்துத்தான் தண்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று மாஸ்டர் கணக்கு வைத்துக்கொள்கிறார்.

இப்போது நம் நோய்க்கு வருவோம். பையன் குரல் நின்றுவிட்டால் மாஸ்டர் என்ன செய்வார்? கடை மூடிவிட்டது என்று முடிவு கட்டுவார். எண்ணெயை நிறுத்து, லைட்டரை நிறுத்து. இது அவருடைய முட்டாள்தனம் இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால், உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் ரோட்டில் கொட்டும். ஆகவே சுற்றும் சத்தம் கேட்காவிட்டால் எல்லாம் நிற்க வேண்டும் என்பது விதி. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, பிளக் நன்றாக இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. குரல் மட்டும் வரவில்லை, வண்டி நிற்கிறது.

சரி, அரை மணியில் பையனுக்குக் குரல் எப்படித் திரும்புகிறது? இந்த சென்சாரில் ஒரு வகை, காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றி பிளாஸ்டிக்கில் மூடியது. அது உட்கார்ந்திருக்கும் இடம் என்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் பக்கம். அங்கே எப்போதும் சூடு. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கம்பியிலோ அதன் இணைப்பிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. சூடானால் விரிந்து தொடர்பு அறும்; ஆறினால் சுருங்கி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது. ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும் எதிர்க்காற்றும் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுவதால் பானட்டுக்குள் சூடு குறைவதற்கு முன் சில நிமிடம் ஏறத்தான் செய்யும். பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பணம் கொடுத்துவிட்டு எடுக்கப் பார்த்தால் எடுக்காது. அதற்கு இதுதான் காரணம்.

சூட்டில் நிற்பது நம் ஊருக்குப் புதிதில்லை. அம்பாசடர், பத்மினி காலத்தில் மலைப்பாதையில் வண்டி நின்றால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். அன்று பம்ப் என்ஜின் பக்கத்திலேயே இருந்தது, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். ஈரத்துணி அதற்கு நல்ல மருந்து. இன்றைய வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருந்து அழுத்தித் தள்ளுவதால் அந்த நோய் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அனுபவசாலிகள் சிலர் இன்னும் "பெட்ரோல் லாக் ஆயிருக்கும்" என்றே ஆரம்பிக்கிறார்கள். அந்த இடத்தில்தான் தேடல் தடம் மாறுகிறது. இன்று சூட்டில் சாவது அநேகமாகக் கரண்ட் சமாச்சாரம்.

இதில் பெரிய கம்பெனிகளே மாட்டியிருக்கின்றன. 1980களிலும் 90களின் முற்பாதியிலும் அமெரிக்காவில் ஃபோர்ட் தன் வண்டிகளில் டி.எஃப்.ஐ. என்ற இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியது. லைட்டருக்கு உத்தரவு கொடுக்கும் எலக்ட்ரானிக் பொருளை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்த கதை. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். வழக்கு கலிபோர்னியாவின் அலமேடா கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய், 2000-இல் தீர்ப்பு ஃபோர்டுக்கு எதிராக வந்தது. அடுத்த ஆண்டு சமரசம். ஆறியபின் சோதித்தால் நன்றாக இருக்கும் பொருளை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அங்கேயும் சிக்கல்.

ஆகவே இந்த நோயைப் பார்க்க வேண்டிய நேரம், வண்டி ரோட்டோரத்தில் செத்துக் கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள். அதில் முதல் வேலை உயிரைக் காப்பது. ஓடும்போது என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்குக்கு இரண்டு மூன்று மிதிக்குத்தான் பூஸ்டர் உதவி இருக்கும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

நிற்கும் கணத்தில் ஆர்.பி.எம். முள்ளைக் கவனித்தீர்களா? கியரில் உருளும் வண்டியில் சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் பையன் குரல் போய்விட்டது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். முள் நிதானமாக இறங்கி, வண்டி இருமி, குலுங்கி, இழுவை குறைந்து நின்றால் எண்ணெய்ப் பக்கம் பாருங்கள்.

பிறகு சாவியை ஸ்டார்ட் வரை போகாமல் ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். பின் சீட்டுப் பக்கம் இரண்டு நொடி "உய்ங்" என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். மாஸ்டர் காலையில் கடை திறந்ததும் குழாயை நிரப்பச் சொல்லும் சத்தம் அது. பையன் குரல் இல்லாமலேயே இதைச் செய்வார். சத்தம் வந்தால் பம்ப்புக்குக் கரண்ட் போகிறது. வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மீட்டரில் என்ஜின் விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள். சாவி ஆனில் இருக்கும்போது அது எரிய வேண்டும். எரியாவிட்டால் மாஸ்டரின் அறைக்கே கரண்ட் இல்லை, மெயின் ரிலே மேல் சந்தேகம். ரிலேக்குள் இருக்கும் ஈயப் பற்றில் விரிசல் விட்டு, வெயிலில் நிறுத்திய வண்டி எடுக்காமல் போவது பழைய வியாதி. பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால், ஹார்ன் ரிலே என்று வையுங்கள், இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்த்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும். சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டினால் அது இம்மொபிலைசர். மாஸ்டர் உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை என்கிறார்.

அடுத்து செல்ஃப் அடிக்கும்போது மறுபடி முள். பல வண்டிகளில் அது பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் எழும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சார் பக்கம் சாட்சி கூடுகிறது. மெக்கானிக் அருகில் இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றச் சொல்லலாம். பிளக் நனைந்திருந்தால் எண்ணெய் வந்தது, பொறி வரவில்லை. காய்ந்திருந்து பொறி நன்றாக வந்தால் எண்ணெய்தான் வரவில்லை. காய்ந்தும் இருந்து பொறியும் இல்லை என்றால்? எண்ணெய் ஆளும் லைட்டர் ஆளும் ஒரே நிமிடத்தில் லீவு போடுவது அபூர்வம். இருவருக்கும் உத்தரவு கொடுப்பவரிடமோ, அவருக்குக் குரல் கொடுப்பவனிடமோதான் கோளாறு.

பம்ப்பை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2021 ஏப்ரலில் ஹோண்டா இந்தியாவில் 77,954 கார்களைப் பம்ப் மாற்றத் திரும்ப அழைத்தது. உள்ளே பெட்ரோலைத் தள்ளும் சக்கரத்தில்தான் குறை. நாளாவட்டத்தில் என்ஜின் நிற்கலாம், ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று கம்பெனியே சொன்னது. ஆகவே செலவு செய்வதற்கு முன் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கு இப்படி ஏதாவது அழைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் வேலை இலவசம்.

சாவிக்கொத்தையும் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இக்னிஷன் சுவிட்ச்சுக்காக. கனமான கொத்து தொங்கினாலோ பள்ளத்தில் குலுங்கினாலோ சாவி தானே பின்னுக்கு நழுவி என்ஜின் நின்றது, கூடவே ஏர்பேக்கும் செயலிழந்தது. 124 பேர் இறந்ததாக நஷ்டஈட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது.

சிக்னலில் மட்டும் நின்று, திருப்பினால் உடனே எடுத்துக்கொள்ளும் வண்டிக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். அங்கே பெரும்பாலும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள்.

ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போடுவார்கள். பி0335 என்ற கோடு வந்தால் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் தகராறு என்று பொருள். சென்சாரே போயிற்று என்று பொருள் இல்லை. கனெக்டரில் பச்சை படிந்திருந்தாலும், வயர் உரசி அறுந்திருந்தாலும் இதே கோடுதான் வரும். கோடே வராமலும் இருக்கும். அப்போது மெக்கானிக்கிடம் வண்டியைச் சூடாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சாரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் மாட்டி, தலைமுடி காய வைக்கும் டிரையரால் சூடு காட்டினால், காயில் வகை சென்சாரில் ஓம் அளவு திடீரென எல்லையில்லாமல் போவதைக் கண்ணால் பார்க்கலாம். வண்டி செத்துக் கிடக்கும்போதே சென்சார் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கும் பழைய கை வைத்தியமும் உண்டு. ஆனால் மற்ற கனெக்டர்களில் தண்ணீர் படாமல் ஊற்றத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

சென்சார் மாற்றினால் கனெக்டரின் பின்களையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். விலை குறைந்த டூப்ளிகேட் வேண்டாம், அதே சூட்டில் அதுவும் கிடக்கப்போகிறது. மாட்டி முடித்ததும் ஒர்க்ஷாப் வாசலில் ஸ்டார்ட் செய்து காட்டுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆறிய வண்டி எப்போதும் ஸ்டார்ட் ஆகும். ஏ.சி. போட்டு, மதிய வெயிலில், முன்பு நின்ற அளவுக்குச் சூடாகும்வரை ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் பானட்டைத் திறக்காமல் விட்டு, அந்த உச்சச் சூட்டில் சாவியைத் திருப்புங்கள். எடுத்துக்கொண்டால் பில் கட்டலாம்.