உள்ளநிகழ்ச்சியை வினவியறியும் முறை

பல்வலியுற்றான் ஒருவனை "வலி எத்தன்மைத்து?" என்று வினவின், "மிக வலிக்கின்றது" என்பான், அதற்குமேல் அவனுக்குச் சொல் வாராது. எவ்விடத்துத் தொடங்கிற்று, அடுத்து யாது நிகழ்ந்தது, ஓரிடத்தே நின்றதோ பரவிற்றோ என்று பொறுமையுடன் வினவியவழி, தன் வலியை அப்பொழுதுதான் அறிவான்போல் அவன் விடையிறுப்பான். அனுபவித்தல் வேறு, அனுபவித்ததனை அறிந்து கூறுதல் வேறு. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே, இக்கால உளநூலார் கையாளும் அனுபவ வினாமுறை.

அளவை நூல் பயின்றார் இதனைத் தன்வேதனைக் காட்சியோடு ஒப்பிட விழைவர். இன்ப துன்பங்களை உயிர் தானே உணரும் என்னும் அளவில் ஒப்புமை உண்டு. ஆயினும், அது காட்சியின் வகையினைக் கூறுவது. இஃதோ அங்ஙனம் உணர்ந்ததனைச் சொல்லில் வருவிக்கும் உபாயத்தைக் கூறுவது. ஆகலின் இரண்டனையும் ஒன்றெனக் கோடல் பொருந்தாது.

செருமானியத் தத்துவ நூலார் எட்மண்டு ஹூசெர்ல் (1859–1938), பொருளைப்பற்றி முன்னரே கொண்ட கொள்கைகளை ஒருபால் நிறுத்தி, அஃது உணர்வின்கண் தோன்றுமாற்றையே நோக்கல் வேண்டும் என்றார். இவர் கருத்தை உளநூலாராய்ச்சிக்கு முறையாக வகுத்தவருள் தலையாயவர், அமெரிக்காவிற் பிட்சுபர்க்கு நகரத்து டூகேன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அமெடியோ ஜியோர்ஜி. அனுபவமுடையார் கூறியதனை முழுவதும் படித்து, பொருள் திரியுமிடந்தோறும் பகுத்து, அவற்றினின்றும் அவ்வனுபவத்தின் அமைப்பினை எடுத்துரைப்பது அவர் முறை.

வினவும் வகையை நுணுக்கியவர் பிரெஞ்சு உளநூலார் பியேர் வெர்மெர்ஷ். அவருடைய நூல் 1994-இல் வெளிவந்தது. அவர் வழியைப் பின்னர் விரித்தவர் கிளேர் பெத்திமான்ஜான் என்னும் அம்மையார். இவர்கள் பொதுப்பட வினவுவதில்லை. "அச்சம் வந்தால் என் செய்வீர்?" என்னின், வருவது அனுபவமன்று, தன்னைப்பற்றி அவன் கொண்டுள்ள கொள்கையே. ஆதலின், இன்ன நாள் இன்ன இடத்து நிகழ்ந்த ஒன்றனையே எடுத்து, அங்கே கண்டது யாது, கேட்டது யாது, உடல் எங்ஙனம் இருந்தது என்று நினைவை அக்கணத்திற்கே மீட்பர். விடை கூறுவான் எதிரிலிருப்பார் முகத்தை விடுத்து வெறுவெளியை நோக்கத் தொடங்குவான். சொல் தாழ்ந்து மெல்ல வரும். "இருந்தது" என்றவன் "இருக்கிறது" என்பான். இவையே நினைவு மீண்டமைக்கு அடையாளம். "ஏன்?" என்று வினவுதல் பெரும்பாலும் தவிர்க்கப்படும். அவ்வினா காரணம் புனைந்துரைக்கத் தூண்டும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. "அதன்முன் யாது நிகழ்ந்தது? அதனை எங்ஙனம் அறிந்தீர்?" என்பன போல, விடையைத் தன்னுள் அடக்காத வினாக்களே ஏற்றன. கூறியதனை இடையிடையே திருப்பியுரைத்துப் பிழையிருப்பின் திருத்துமாறு வேண்டுவர். சில வினாடி நிகழ்ச்சியை விளக்க ஒரு மணிநேரம் கழிதலும் உண்டு.

அற்றேல், ஒருவன் தன் உள்ளத்தைப்பற்றிக் கூறுவது மெய்யென்பதற்குச் சான்று யாது? இத்தடை வலியது. 1977-இல் நிசுபெட்டு, வில்சன் என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை காணப்படும். ஒரேவகையான நான்கு காலுறைகளை வரிசையில் வைத்துச் சிறந்ததனைத் தெரிவு செய்யச் சொன்னபொழுது, வலக்கோடியிலிருந்ததனையே பலர் தெரிந்தனர். காரணம் வினவ, இடத்தைக் காரணமாகக் கூறினார் ஒருவருமிலர். நெசவின் சிறப்பையே பேசினர். மாந்தர் தம் உள்ளச்செயலை அறியார், காரணத்தைப் புனைகின்றனர் என்று அவ்விருவரும் முடித்தனர்.

இம்முடிபைப் பெத்திமான்ஜானும் உடனாய்ந்தாரும் 2013-இல் சோதித்து வெளியிட்டனர். இரு முகப்படங்களுள் ஒன்றனைத் தெரியச் செய்து, கரவாகப் படத்தை மாற்றி, தெரியாத முகத்தையே கொடுத்துக் காரணம் வினவும் சோதனை அது. 2005-இல் சுவீடன் நாட்டார் வெளியிட்ட சோதனையை ஒட்டியது. வினாமுறையின்றி விடப்பட்டவழி 33 விழுக்காட்டளவே மாற்றம் அறியப்பட்டது. தெரிவு செய்த கணத்தை மேற்கூறியவாறு வினவி மீட்டவழி 80 விழுக்காடு அறியப்பட்டது. நிசுபெட்டார் கண்டது பொய்யன்று, "ஏன்?" என்று வாளா வினவப்பட்டாரிடத்து அது மெய்யே. வினவும் நெறி வேறாயின் விடையும் வேறாகும் என்பதே அவர் காணாதது.

இம்முறையின் பயன் மிகத் தெளிவாய்ப் புலப்படுவது வலிப்புநோயின்கண் ஆகும். பாரிசு நகரத்தில் மருத்துவர் வின்சென் நவாரோ முதலாயினாருடன் சேர்ந்து இவ்வம்மையார் ஆராய்ந்த செய்தி 2007-இல் வெளிவந்தது. வலிப்பு முன்னறிவிப்பின்றித் தாக்கும் என்று எண்ணிய நோயாளரும், இங்ஙனம் வினவப்பட்டபின், அதற்கு முன்னர் உடலிலும் உணர்விலும் தோன்றிய மெல்லிய மாறுதல்களை இனங்கண்டனர். அவை நோயாளர்தோறும் வேறுபடும். வலிப்புக்கு முன்னரே மூளையின் மின்னியக்கம் மாறுவதுண்டு என்று கருவிப் பதிவுகள் காட்டியிருந்தமையால், அவர்கள் சொல்லை வெறும் புனைவெனத் தள்ளுதல் இயலாதாயிற்று. நிகழ்ந்தபின் நினைப்பதாகலின் பின்னறிவு கலத்தல் கூடும் என்பது மறுக்கற்பாலதன்று. மருந்துக்கு இஃது ஈடுமாகாது. எனினும், குறியினை முன்னுணரக் கற்றவன் படிக்கட்டின்கண் நில்லாது கீழே அமரவும், அடுப்பினை விட்டு விலகவும், அருகிலுள்ளாரை அழைக்கவும் சிறிது பொழுது பெறுகின்றான்.