கடலுக்கடியில் ஒரு கல் குவாரி

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்தின் சுவரை என்றைக்காவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா நேயர்களே? கல்லெல்லாம் தேன்கூடு மாதிரி துளைத்துளையாக இருக்கும். அது பவளப்பாறை!

மன்னார் வளைகுடாவில் கடலுக்கடியில்தான் குவாரி. வல்லத்தில் போய், கடப்பாறையால் பெயர்த்து, வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பாறை போனபிறகு அலையைத் தடுக்க என்ன இருக்கிறது? கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு மூழ்கியே போய்விட்டது.

2001-இல் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு கல் எடுப்பதும் ஓய்ந்தது. இப்போது நடப்பது நேர்மாறான வேலை. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கடலில் முங்கி, உயிருள்ள பவளத் துண்டுகளை சிமெண்ட் பலகைகளில் நைலான் கயிற்றால் கட்டி வளர்க்கிறார்கள். கிளைவிடும் பவளம் பரவாயில்லை, சீக்கிரம் வளரும். உருண்டைப் பவளம் இருக்கிறதே, அது வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம்!