மண்ணுக்கு ஒரு வழி

"கலசத்தில் வரகு இருக்கிறது, அது இடியைத் தாங்கிக்கொள்ளும். ராஜகோபுரம் இருக்கிறவரை ஸ்ரீரங்கத்துக்குப் பயமில்லை." ஐப்பசி நெருங்கினால் வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலுமாக வயரிங், எர்த்திங் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். பெருமாள் மேலும் கோபுரத்தின் மேலும் எனக்குப் பக்தி உண்டு. ஆனால் இதை நம்பி இடிமழையில் யாரும் காவிரிக் கரையில் நிற்கக்கூடாது.

முதலில் வீட்டுக்குள் அடிக்கும் சின்ன மின்னல். பங்குனி மாதத்து வறண்ட மத்தியானம். பாலியெஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் நுனியில் 'சுரீர்' என்கிறது. இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து எலெக்ட்ரான்கள் மற்றதுக்குப் போய்விடுகின்றன. காற்றில் ஈரம் இருந்தால் அந்த மின்சாரம் சத்தமில்லாமல் கசிந்துவிடும். வறண்ட நாளில் உடம்பிலேயே தங்கி, வழி கிடைத்ததும் தாவுகிறது. காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாவவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் பாயும் மின்சாரத்தின் அளவு மிகச் சிறியது என்பதால் நமக்கு ஆபத்தில்லை.

பெட்ரோல் ஆவிக்கும் வெடிமருந்துக்கும் அந்தப் பொறியே போதும். அதனால்தான் பங்க்கில் டேங்கர் லாரி எரிபொருளை இறக்கும் முன் எர்த் ஒயரை மாட்டுகிறார்கள். கேனில் பெட்ரோல் வாங்குவதாக இருந்தால் அதைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பட்டாசு ஆலையில் பருத்தித் துணி உடுத்தச் சொல்வதும் இதற்காகவே.

மேகத்திலும் உரசல்தான். பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மோதி, லேசான துகள்கள் நேர்மின்னோடு மேலே போகின்றன. கனமானவை எதிர்மின்னோடு கீழே தங்குகின்றன. தாங்க முடியாத அளவு சேர்ந்ததும் மின்னல் மண்ணைத் தேடி இறங்குகிறது. சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். அது போகும் பாதையின் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸைத் தொடும். சூடேறிய காற்று வெடித்து விரியும் சத்தமே இடி.

1987இல் குடமுழுக்கு கண்ட நம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. இவ்வளவு உயரத்தில் நிற்கும் கலசம் மின்னலை வாங்கிக்கொள்ளும், உண்மைதான். வாங்கியதை எங்கே கொண்டுபோய் விடுவது? வரகு மின்சாரத்தைக் கடத்தாது. உச்சியிலிருந்து தரைவரை உலோகப் பாதை இல்லாத கோபுரத்தில், செங்கல்லுக்குள் இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி வெடிக்கும். சுதைச் சிற்பங்கள் சிதறும். ஆகவே கலசத்துக்கு மேலே இடிதாங்கிக் கம்பி, அதிலிருந்து இறங்கும் செம்புப் பட்டை, அடியில் எர்த் குழி என மூன்றும் வேண்டும். அப்போதும் காப்பு கோபுரத்தைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குத்தான். தென்னந்தோப்புக்கும் படித்துறைக்கும் அது எட்டாது.

மூன்றில் எல்லோரும் மறப்பது குழியை. எட்டடி ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே சின்னத் தொட்டி கட்டி மூடுவோம். ஸ்ரீரங்கத்தில் தோண்டினால் ஆற்று மணல். காவிரி வற்றும் கோடையில் அந்த மணலில் ஈரம் இறங்கிவிடும். ஐப்பசியில் எர்த் டெஸ்டரில் ஒற்றை இலக்கத்தில் நின்ற ஓம் கணக்கு, சித்திரையில் இரட்டை இலக்கத்துக்கு ஏறிவிடும். இடிதாங்கிக்கு அது 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். கோடை இடிமழை வருவதும் அந்த நாட்களில்தான். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

வெட்டவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் காப்பு எதுவுமில்லை. 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே கழுதூரில், மக்காச்சோள வயலில் வேலை செய்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். இந்தியாவில் மின்னல் ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேற்பட்டோரைக் கொல்கிறது. பெரும்பாலும் வயலில் நிற்பவர்களை.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள், அதாவது ஸ்ரீரங்கத்துக்கும் பொன்மலைக்கும் உள்ள தூரத்துக்குள் விழுகிறது. "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். மரத்தில் இறங்கும் மின்சாரம் தரையில் பரவிக் காலில் ஏறும். வீட்டில் டிவி, ஃப்ரிட்ஜ் பிளக்குகளை இடி நெருங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி நம் பக்கத்தில் மின்னல் விழும் வாய்ப்பை முன்கூட்டிச் சொல்கிறது. வயல் வேலைக்குப் போகும் குழுவில் ஒருவர் போனிலாவது அது இருக்கட்டும்.

மின்னல் பட்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று பயந்து விலகி நிற்கிறார்கள். மனித உடம்பில் மின்சாரம் தேங்கி நிற்காது. தைரியமாகத் தொடலாம். மூச்சில்லை என்றால் நடு நெஞ்சில் இரண்டு கையாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். நின்றுபோன இதயம் அந்த அழுத்தத்தில் திரும்பத் துடிக்க வாய்ப்பு உண்டு.