கருவின் வளர்ச்சியும் தோட்டத் தாயின் வேலைநாளும்

பிள்ளைப்பேற்றுக் காலத்தைப் பத்துத் திங்கள் என்று கணக்கிடுவது தமிழர் வழக்கு. மேலைநாட்டார் ஒன்பது மாதம் என்பர். இவ்விரு கணக்கும் தம்முள் முரண்பட்டவை அல்ல. மாதவிடாய்ச் சுற்றின் அளவாகிய 28 நாளை ஒரு திங்களாகக் கொண்டால் பத்துத் திங்கள் 280 நாட்களாகும். இறுதி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து மகப்பேறு வரை மருத்துவர் கணிக்கும் காலமும் இதுவே. கருக்கட்டல் அதற்கு இரண்டு வாரங்களின் பின்னரே நிகழ்வதால், கருவின் மெய்யான வயது 266 நாள் எனலாம். இக்கட்டுரையில் வரும் வாரக் கணக்கு இறுதி மாதவிடாயிலிருந்து எண்ணப்படுவதாகும். இந்நாட்களுள் கரு எப்போது எதனைப் பெறுகின்றது என்பதை அறிந்தாலன்றி, லிந்துலை போன்ற பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் பலர் எடை குறைந்து பிறப்பதன் காரணத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது.

பலோப்பியன் குழாயில் ஆணின் விந்தும் பெண்ணின் முட்டையும் கூடி உருவாகும் ஒற்றைக் கலம், இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிவுற்றுச் சென்று, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் பதிகின்றது. ஐந்தாம் வாரத்துக்குச் சற்றுப் பின்னாக இதயம் துடிக்கத் தொடங்குகின்றது. மூளையும் முண்ணாணும் ஆகவேண்டிய நரம்புக் குழாய் ஆறாம் வாரத்தளவில் மூடிக்கொள்கின்றது. தாய் தன் நிலையை ஐயுறத் தொடங்கும் காலமே அது. போலிக் அமிலத்தைக் கருவுறும் முன்பிருந்தே உட்கொள்ளவேண்டும் என்று வற்புறுத்தப்படுவது இதனாலேயாம். பத்தாம் வாரம் முடிவதற்குள் உறுப்புகள் யாவும் தத்தம் இடத்தில் தோன்றிவிடுகின்றன. முளையம் என்று அதுவரை வழங்கிய உயிர் அதன்பின் முதிர்மூலவுரு என்னும் பெயரைப் பெறுகின்றது. பன்னிரண்டாம் வாரத்தில் அதன் எடை ஏறத்தாழ 14 கிராம். ஒரு பிடி கொழுந்தின் எடையே.

இங்கே ஓர் உறுப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். பாடநூல்கள் சூல்வித்தகம் என்று குறிக்கும் இதனை நம் மக்கள் நச்சுக்கொடி என்பர். வெளியேறாது தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஊறு என்ற அச்சத்தினால் இப்பெயர் அமைந்திருக்கலாம். ஆயினும் கருவுக்கு இதனினும் சிறந்த நட்பு வேறில்லை. தாயின் குருதியும் சேயின் குருதியும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மெல்லிய சுவரொன்றின் இருபுறமும் அவை ஓட, அச்சுவரினூடாகவே ஒட்சிசனும் வெல்லமும் அமினோ அமிலங்களும் இரும்பும் சேயைச் சேருகின்றன. கழிவுகள் தாயிடம் மீளுகின்றன. முதிர்ந்த கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை இலீற்றருக்கு மேற்பட்ட குருதி வந்து சேருகின்றது. சேயின் வளர்ச்சி இவ்வோட்டத்தைப் பொறுத்தது. தாய் கடுமையாக உழைக்கும்போது குருதியின் ஒரு பகுதி அவளுடைய தசைகளை நோக்கித் திருப்பப்படுகின்றது. நெடுநேரம் நிற்கும்போதோ கால்களில் குருதி தேங்கி இதயத்துக்கு மீள்வது குறைகின்றது. உண்ட உணவின் ஆற்றலை ஒருபுறம் உழைப்பும் மறுபுறம் சேயும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இருபதாம் வாரத்தில் கருவின் எடை 300 கிராம் அளவினது. தலைப்பிள்ளைத் தாய்மார் சேயின் அசைவை முதன்முதலில் உணர்வதும் இக்காலத்திலேதான். இருபத்தெட்டாம் வாரத்தில் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டுகின்றது. நாற்பதாம் வாரத்திலோ அது மூன்று கிலோ. அஃதாவது, பிறக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இறுதிப் பன்னிரண்டு வாரங்களில் சேருவதாகும். தோலின் கீழ்க் கொழுப்புப் படிவதும், நுரையீரல் மூச்சுக்கு ஆயத்தமாவதும், பிறந்தபின் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்பு சேமிக்கப்படுவதும் பெரும்பாலும் அவ்வாரங்களிலேயே நிகழ்கின்றன. நமது ஆய்வுக்கு மையமான செய்தி இதுவாகும்.

2500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறத்தலைக் குறைநிறைப் பிறப்பு என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 2006–07 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கை முழுமையிலும் பிறந்தோருள் நூற்றுக்கு 17 பேர் வரையில் இத்தகையோர். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 31 பேர். இடைவெளி பின்னர் சுருங்கியதாயினும் மறைந்துவிடவில்லை. தோட்டப் பெண்களின் மகப்பேறுகள் அநேகமாக யாவும் வைத்தியசாலைகளிலேயே நிகழத் தொடங்கிய பின்னரும் நிலைமை இதுவாகவே இருந்தது என்பதைக் கருதவேண்டும். பிரசவ அறையில் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று இது.

மலைநாட்டின் உயரமே இதற்குக் காரணம் என்று கூறுவோர் உளர். இக்கூற்றை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. உயர்ந்த நிலங்களில் காற்றிலுள்ள ஒட்சிசன் குறைவு. ஒவ்வோர் 1000 மீற்றர் உயரத்துக்கும் பிறப்பெடை ஏறத்தாழ 100 கிராம் குறைவதாக அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆய்வுகள் கண்டுள்ளன. லிந்துலை 1200 மீற்றர் அளவிலான உயர்நிலத் தேயிலைப் பிரதேசம். ஆயினும் அதே குளிரில், அதே உயரத்தில் வாழும் வணிகர், உத்தியோகத்தர் குடும்பங்களுக்கும் இவ்விதி பொதுவானதே. ஆகவே லயத்துக்கும் ஏனைய வீடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உயரத்தைக்கொண்டு விளக்கிவிட முடியாது. பரம்பரையின்மேல் பழிபோடும் விளக்கமும் இத்தகையதே. அது தோட்ட நிருவாகங்களுக்கு வாய்ப்பானது என்பதைத் தவிர வேறு சிறப்பு உடையதன்று.

உழைப்பின் பங்கினை முதலில் எடுத்துக்காட்டியவர்களுள் பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் அடோல்ஃப் பினார் குறிப்பிடத்தக்கவர். பாரிஸ் நகரத் தொழிலாளப் பெண்களுள், பிள்ளைப்பேற்றுக்கு முன் ஓய்வில்லங்களில் தங்கியோரின் பிள்ளைகள், இறுதிவரை வேலை செய்தோரின் பிள்ளைகளைவிட எடை மிக்கவர்களாகப் பிறந்ததை அவர் 1895 இல் வெளியிட்டார். உணவின் பங்கினை 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் நேர்ந்த பஞ்சம் புலப்படுத்தியது. கருக்காலத்தின் இறுதி மாதங்களில் பட்டினியுற்றோரின் பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தனர். முதல் மாதங்களில் மட்டும் பட்டினியுற்றோரின் பிள்ளைகள் வழமையான எடையுடன் பிறந்தனர். ஆனால் அவர்களிடையே இதயநோயும் உடற்பருமனும் பிற்காலத்தில் மிகுதியாகக் காணப்பட்டன. இக்கேட்டை மாற்றக்கூடும் என்பதற்கு ஆபிரிக்காவின் காம்பியா சான்று. அங்கு வயல்வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை கலந்த பிஸ்கட் வழங்கியபோது, வேலை மிகுந்து உணவு குறைந்த பருவத்தில் பிறந்த பிள்ளைகளின் எடை சராசரியாக 201 கிராம் உயர்ந்தது. அறுவடைக் காலத்தில் உயர்ந்தது 94 கிராமே. 1997 இல் வெளியான முடிவு இது. வேலையும் பசியும் ஒருங்கே சேருமிடத்தில்தான் ஒரு பிடி உணவின் பயன் பெரிது.

லிந்துலைத் தோட்டங்களில் இவை இரண்டும் பருவந்தோறும் அன்று, நாள்தோறும் சேருகின்றன. காலைப் பெரட்டுக்கு முன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, மூத்தவரைப் பள்ளிக்கும் இளையவரைப் பிள்ளைக்காம்பராவுக்கும் அனுப்பிவிட்டு மலையேறும் பெண், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் நின்றபடியே நாளைக் கழிக்கின்றாள். நாட்கூலி முழுமையாக வேண்டுமெனில் குறித்த எடை கொழுந்து கொடுத்தாகவேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் அவ்வளவு 18, 20 கிலோ என்றவாறு அமைகின்றது. குறைந்தால் அரைப்பேர். கருவின் எடை மிக விரைந்து ஏறும் வாரங்களில் தாயின் நடை தளருவதும் இயல்பு. ஆதலின் உணவுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டிய காலத்திலேயே அவளது வருமானம் குறைகின்றது.

அவளது உணவோ ரொட்டியும் சம்பலும், சோறும் ஒரு கறியும், இடையிடையே சாயத்தண்ணியும். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் தாவர உணவின் இரும்பைப் பற்றிக்கொள்வதால், உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்துகையில் அவ்விரும்பின் உறிஞ்சல் பாதிக்கு மேலும் குறையக்கூடும். ஒரு கருக்காலத்துக்கு வேண்டிய இரும்பு ஏறத்தாழ 1000 மில்லிகிராம். அதில் 300 வரையில் சேய்க்கும் சூல்வித்தகத்துக்கும் உரியது. உலகச் சந்தைக்குத் தான் பறித்துக் கொடுத்ததன் எஞ்சிய தூளே அவளது குருதிச்சோகைக்குத் துணைசெய்கின்றது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுமாறு அறிவுரை கூறலாம். ஆனால் குளிரில் வேகமாக உண்டு மலைக்குத் திரும்பவேண்டியவளுக்கு அவ்வொரு மணி நேரம் எங்கிருந்து வரும்? 1973 முதல் வழங்கப்பட்டுவந்த திரிபோசாவும், 2015 இல் தொடங்கிய கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவும் பயனுள்ளவையே. ஆயினும் திரிபோசாப் பொதி லயத்துக்கு வந்ததும் வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் பங்காகிவிடுகின்றது. அதனைத் தாயின் அறியாமை என்று எழுதுவோர் லயத்து அடுப்பை அறியாதோர்.

இன்னொன்றும் உண்டு. பெண்சிசுவின் சூலகங்களில், அதன் வாழ்நாள் முழுமைக்குமான முட்டைகள் இருபதாம் வாரத்தளவிலேயே உருவாகிவிடுகின்றன. 1973–74 இல் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் இறப்புகள் பெருகின. அக்காலத்தில் ஒருத்தி பெண்பிள்ளையைச் சுமந்திருந்தால், அவளுடைய பேரப்பிள்ளையின் பாதிக் கருவும் அப்பட்டினியினுள்ளேயே இருந்தது. அவ்வாறு பிறந்து, குறுகி வளர்ந்த மகள் பின்னர் தாயானபோது, அவளது சிற்றுடல் அடுத்த தலைமுறையின் எடையையும் கட்டுப்படுத்தியது.

சட்டத்தின் நாட்காட்டியையும் நோக்குவோம். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பெருந்தோட்டப் பெண்ணுக்கும் உரிமை வழங்கியது. 2018 ஆம் ஆண்டின் திருத்தம், மூன்றாம் பிள்ளை முதலாக விடுமுறையைப் பாதியாக்கிய பாகுபாட்டை நீக்கி, எல்லாப் பிள்ளைப்பேற்றுக்கும் பன்னிரண்டு வாரத்தை உறுதிசெய்தது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆனால் அப்பன்னிரண்டில் இரண்டு வாரங்களே பேற்றுக்கு முன்னர் உரியவை. கருவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சேரும் பன்னிரண்டு வாரங்களுள் பத்து, கூடையின் கீழேயே கழிகின்றன. பேற்றுக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு விளைக்கக்கூடிய வேலையில் அவளை அமர்த்தலாகாது என்ற விதியும் அதே சட்டத்தில் உண்டு. ஈரக்கொழுந்து நிறைந்த கூடையுடன் மழைச் சரிவில் எட்டு மணிநேரம் நிற்றல் அத்தகைய வேலையா என்ற வினாவைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் தொழிற்சங்கங்கள் எழுப்பவேண்டும். அதற்கு வேண்டிய சான்று, மாதந்தோறும் மருத்துவ மாது நாடாவினால் அளந்து கர்ப்பிணியின் அட்டையில் குறிக்கும் கருப்பையின் உயரத்திலேயே உள்ளது: இருபத்தெட்டாம் வாரத்தில் ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர், முப்பத்திரண்டில் 32. அவ்வெண் எந்த வாரத்திலிருந்து பின்தங்கத் தொடங்குகின்றது என்பதை அதே வாரங்களின் கொழுந்து நிறுவைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.