நடந்ததற்கு ஈடாகச் சாப்பிடலாமா?

தைப்பூசத்தையொட்டி திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று வழிநெடுக அன்னதானம், நீர்மோர், சுக்குக் காபி. கூச்சப்படாமல் வயிறாரச் சாப்பிட வேண்டியவர்கள் அவர்கள். சுமார் 60 கி.மீ. தூரம் அது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடந்து முடிக்க, சும்மா இருந்தாலே செலவாகும் சக்திக்கு மேல் ஏறத்தாழ 1,800 கலோரி வேண்டும். பலருக்கு அது ஒரு நாள் சாப்பாடு.

எடையைக் குறைக்க விடிகாலையில் ஒரு மணி நேரம் நடப்பவரும் இதே நியாயத்தைப் பேசும்போதுதான் சிக்கல். “நடந்தாச்சே, ரெண்டு வடை சாப்பிட்டா என்ன?”

கணக்கைப் பார்ப்போம். அதே 60 கிலோ ஆள் ஒரு மணி நேரத்தில் 5 கி.மீ. நடந்தால் கைக்கடிகாரம் 210 கலோரி என்று காட்டலாம். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதில் 60 கலோரி செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகக் கரைந்தது 150தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது! கடிகாரத்தையும் முழுசாக நம்ப முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம்.

இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜீன் மேயரும் சகாக்களும் 1956இல் வெளியிட்ட ஆய்வு. வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரின் சாப்பாட்டையும் எடையையும் ஒப்பிட்டார்கள். உழைப்பு கூடக் கூடத் தொழிலாளிகளின் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களோ மூட்டை சுமந்தவர்களுக்குச் சமமாகவே சாப்பிட்டார்கள். எடையும் கூடுதலாக இருந்தது. அசையாத உடம்பில் பசி தானாகக் குறைவதில்லை. திண்டுக்கல் கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது பொருந்தும். அவர் காலையில் நடப்பது, ஏற்கெனவே கூடிவிட்ட சாப்பாட்டில் ஒரு பகுதியைச் சரிக்கட்டத்தான். அதற்கும் ஈடாகச் சாப்பிட்டால் மிச்சம் ஏது?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவரிடமும், ஊரக வேலைத் திட்டத்தில் வெயிலில் மண் வெட்டும் பெண்களிடமும் போய் இந்தக் கணக்கைச் சொல்வது அநியாயம். உழைப்புக்குத் தக்க சோறு அவர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே இனிப்பு சாப்பிட வேண்டும். அங்கே கலோரிக் கணக்குக்கு இடமே இல்லை.

மற்றவர்களுக்கு என் யோசனை: நடையைச் சாப்பாட்டுக்குக் கூலியாக நினைக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் என்று அது தரும் நன்மைகள் வேறு. சீரகச் சம்பா பிரியாணியை என்றைக்காவது ஆசையாகச் சாப்பிடுங்கள், நடந்த தூரத்தைக் காரணம் காட்டாமல். நடந்து வந்ததும் நிஜமாகவே பசித்தால் அவித்த சுண்டலோ முட்டையோ போதும். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கி, உடம்பும் சோர்ந்தால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.