கரியமில வாயுச் சீட்டுச் சந்தையின் நெருக்கடியை அளந்தறியும் முறை

விளைபொருளை விற்கச் செல்லும் குடியானவர் எவரும் அன்றைய விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை. விற்பனைக் கூடத்திற்கு எத்தனை மூட்டை வந்திருக்கின்றது, எத்தனை வியாபாரிகள் கேட்கின்றனர், சென்ற வாரத்து விலை யாது என்பவற்றையும் விசாரித்த பின்னரே, சரக்கை விற்பதா, இருப்பு வைப்பதா என்று தீர்மானிக்கின்றனர். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடுவோர் இவ்வழக்கத்தை நன்கு அறிவர். இதே நிதானம் புதிதாகத் தோன்றியுள்ள மற்றொரு சந்தைக்கும் அவசியமாகின்றது. அது கரியமில வாயுச் சீட்டுச் சந்தையாகும். 2024 ஜனவரி 29-ஆம் தேதி மத்திய விவசாய அமைச்சகம், விவசாயத் துறையில் தன்விருப்பக் கார்பன் சந்தை நடைபெறுவதற்கான திட்ட அமைப்பை வெளியிட்டது. வரப்போரத்தில் மரம் வளர்த்தல், நெல் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுதல் முதலியவற்றால் குறையும் வாயுவிற்குச் சீட்டுப் பெற்று விற்கலாம் என்பது இதன் சாராம்சம்.

சீட்டு என்பது யாது?

ஒரு சீட்டு என்பது ஒரு மெட்ரிக் டன் கரியமில வாயுவைக் குறிக்கும். இதில் இரு வகை உண்டு. சர்க்கார் ஓர் எல்லையை விதித்து, அதற்குள் வாயுவை வெளிவிட ஆலைகளுக்கு அளிப்பது அனுமதிச் சீட்டு. வாயுவைக் குறைத்தவருக்கோ, மரத்திலும் மண்ணிலும் அதனைச் சேமித்தவருக்கோ அளிக்கப்படுவது வரவுச் சீட்டு. ஐரோப்பாவில் அனுமதிச் சீட்டுச் சந்தை 2005-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டத்தை ஒட்டி, 2023 ஜூன் 28-ஆம் தேதி கார்பன் வரவு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இங்கு எல்லை விதிக்கப்படுவது மொத்த வாயுவிற்கு அன்று. சரக்கின் ஒவ்வோர் அலகையும் உற்பத்தி செய்கையில் வெளியாகும் வாயுவிற்கேயாம்.

முன்னர் நேர்ந்த வீழ்ச்சிகள்

ஐரோப்பியச் சந்தையில் 2006 ஏப்ரலில் சுமார் 30 யூரோவாக இருந்த விலை, ஆலைகளின் தேவைக்கு மேல் சீட்டுகள் வழங்கப்பட்டிருந்தமை தெரிந்தவுடன் சில தினங்களில் ஏறக்குறையப் பாதியாயிற்று. அச்சீட்டுகளை 2007-க்குப் பிந்திய ஆண்டுகளின் வாயுவிற்கு உபயோகிக்க இயலாது என்ற விதியால், 2007-ஆம் ஆண்டின் இறுதியில் அவை அனேகமாக விலையற்றுப் போயின. மாலைக்குள் விற்காவிடில் அழுகும் தக்காளியின் கதி அவற்றிற்கு நேர்ந்தது.

கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் இந்தியத் தொழிற்சாலைகளும் வரவுச் சீட்டுப் பெற்று விற்றன. தமிழ்நாட்டுக் காற்றாலைகளும், கரும்புச் சக்கையால் மின்சாரம் தயாரிக்கும் சர்க்கரை ஆலைகளும் இவற்றுள் அடங்கும். 2008-ஆம் ஆண்டில் 20 யூரோவிற்கு மேல் விற்ற அச்சீட்டு, 2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு யூரோவிற்கும் கீழே இறங்கிற்று. வரத்து மிகுந்ததும், ஐரோப்பிய ஆலைகளின் தேவை குறைந்ததும், புதிய சீட்டுகளை ஏற்பதற்கு அங்கே கட்டுப்பாடு வந்ததும் இதற்குக் காரணங்களாகும்.

அளவுகோல்கள் ஐந்து

1. விலையின் ஆட்டம்: நான்கு நாள் விலை 100, 101, 100, 99 என்றிருப்பின் சந்தை அமைதியுற்றது. 100, 108, 97, 110 என்றிருப்பின் சராசரி சற்றே உயர்ந்து காணினும் சந்தை கலக்கமுற்றது.

2. உச்சத்தினின்று இறக்கம்: இன்றைய விலையைக் கடந்த ஓராண்டின் உச்ச விலையால் வகுத்துப் பார்த்தல். 2022 பெப்ரவரியில் 95 யூரோவைத் தாண்டிய ஐரோப்பிய விலை, உக்ரைன் யுத்தம் மூண்டபின் மார்ச் முதல் பகுதியில் 60 யூரோவிற்குக் கீழ் வந்தது. அதாவது மூன்றிலொரு பங்கிற்கு மேல் இறங்கிற்று.

3. விலை இடைவெளி: விற்பவர் 1,000 ரூபாய் கேட்க, வாங்குபவர் 990 ரூபாய் கொடுப்பாராயின் சந்தை சீராக உள்ளது. அவர் 900 ரூபாய்க்கு மேல் ஏறாராயின், ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது வெளிப்படை.

4. கைமாறிய அளவு: விலை நிலைத்திருந்தும் வாங்குவோர் இன்றேல், அவ்விலை பெயரளவில் உள்ள விலையே.

5. மிகுதி இருப்பு: 2013-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உபயோகமாகாது தேங்கிய சீட்டுகள் 210 கோடிக்கு மேற்பட்டன. ஆகவே 2019 ஜனவரி முதல், இருப்பு 83.3 கோடியை மீறினால் ஒரு பகுதியைச் சந்தையினின்று விலக்கி வைப்பதும், 40 கோடிக்குக் குறைந்தால் வெளியிடுவதுமான ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

ஒன்றுசேர்க்கும் விதம்

டன், ரூபாய், சதவிகிதம் என்று வெவ்வேறாக உள்ள இவற்றை அப்படியே கூட்டுதல் இயலாது. ஆதலின் கடந்த 100 நாட்களின் அளவுகளை ஏறுவரிசையில் நிறுத்தி, இன்றைய அளவு 90-ஆம் இடத்தில் இருந்தால் 0.90 என்று குறிக்கின்றனர். கைமாறிய அளவு குறையக் குறைய நெருக்கடி கூடுமாதலால், அதனை மட்டும் எதிர்வரிசையில் நிறுத்தல் வேண்டும். பின்னர் யாவற்றையும் சேர்த்து, பூஜ்யத்திற்கும் ஒன்றிற்கும் இடைப்பட்ட ஒரே எண்ணாக்குகின்றனர். எல்லா அளவுகளும் ஒருங்கே உயர்ந்தால் அந்த எண் அதிகமாகும்படி கணக்கிடுவது முக்கியம். கோமுகி அணையில் நீர் குறைந்தாலும் கிணறு கைகொடுக்கும். அணையும் கிணறும் மழையும் ஒருசேரப் பொய்த்தால் பயிர் பிழையாது. அதனைப் போன்றதே இதுவும். பணச் சந்தைகளுக்கு இத்தகைய குறியீடு ஒன்றை ஐரோப்பிய மத்திய வங்கி 2012-இல் வெளியிட்டது.

எனினும் குறியீட்டையே முழுதும் நம்புதல் தகாது. விலை அடிமட்டத்தில் அசையாது கிடக்கும்போதும் ஆட்டம் குறைவாகவே தோன்றும். இருப்பைக் கவனித்தாலன்றி நோய் புலப்படாது. மேலும் தன்விருப்பச் சந்தையில் சீட்டுக்குச் சீட்டு தரமும் விலையும் வேறுபடுவதால், அதே வகைச் சீட்டு அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதையே கேட்டறிதல் வேண்டும்.

கல்வராயன் மலைக்கும் சமவெளிக்கும் உரிய எச்சரிக்கை

சந்தை சில வாரங்களில் சரிந்துவிடும். மரம் வளர்க்கும் ஒப்பந்தமோ பல ஆண்டுகள் நிலத்தைக் கட்டிவைக்கும். உதாரணமாக, சீட்டின் விலையில் பாதி குடியானவருக்கு என்று ஒப்பந்தம் இருப்பதாகக் கொள்வோம். விலை 1,000 ரூபாயானால் அவருக்கு 500 கிடைக்கும். 200 ரூபாயாக இறங்கினால் 100 மட்டுமே கிடைக்கும். கன்றுகளைக் காக்கும் செலவு இரு நிலையிலும் ஒன்றே.

மலையில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர் முறையில் இருந்த அம்மலையில், பட்டா நிலம், வன நிலம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்ற நிலம் ஆகியவற்றைத் தெளிவாகப் பிரித்தறிதல் அவசியம். நிலம் யாருடையது என்பது தீராத இடத்தில் சீட்டின் பணம் யாருக்கு என்பதும் தீராது. ஆதலின் கிராம நிர்வாக அலுவலர்கள் சர்வே எண்ணையும் அனுபோகத்தையும் சரிபார்த்த பின்னரே சான்று அளித்தல் வேண்டும். கூட்டாக அனுபவிக்கும் நிலமாயின் கிராம சபையில் வைத்து முடிவு செய்தல் நலம்.

கையொப்பம் இடுமுன் குடியானவர்கள் நான்கு விஷயங்களை எழுத்து மூலமாகப் பெறுதல் வேண்டும். விலை இறங்கினும் கிடைக்கக்கூடிய குறைந்தபட்சத் தொகை யாது? அளவிடும் செலவும் தணிக்கைச் செலவும் யாரைச் சேரும்? மரம் பட்டாலோ தீப்பிடித்தாலோ பொறுப்பு யாருடையது? எத்தனை ஆண்டுகளுக்குப் பின் விலகலாம்? இவற்றிற்கு விடை கிடைக்குமுன் சாமையும் மரவள்ளியும் விளையும் நிலத்தை ஒப்பந்தத்தில் சேர்த்தல் கூடாது. சீட்டினால் வரும் பணத்தை உபரி வருமானமாக மட்டும் கருதி, மரத்தின் நிழல், தழை, காய், தடி ஆகியவற்றாலேயே பயன் தரும் வகைகளை நடுவோருக்குச் சந்தை சரிந்த காலத்திலும் பெரு நஷ்டம் நேராது.